ரொஸ்ஸுல் எண்ட சொல்லை வடிவாப் படியுங்கோ

ஹங்கேரி மொழியில "ரொஸ்ஸுல்" எண்டு ஒரு சொல் இருக்கு. போன்ல எந்த ஆப்பைத் திறந்தாலும் "மோசமாக, பிழையாக" எண்டு ஒரு வரியில அர்த்தம் போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடும். அது எனக்கு உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஏனெண்டா கொழும்பில இருந்து படிக்கவோ வேலைக்கோ ஹங்கேரிக்குப் போற எங்கட பிள்ளைகளுக்கு முதல் மாசத்திலேயே தேவைப்படப்போற சொல் இதுதான், அதுவும் தலை சுத்தி விழப்போற நேரத்தில, அலுவலகத்தில பேர் மாறிப்போன நேரத்தில, யாரோ காசை ஏமாத்தப் பார்க்கிற நேரத்தில. அந்த நேரத்தில ஆப்பைத் திறந்து தேடிக்கொண்டு நிக்க ஏலாது.

நான் ஸெகெத் எண்ட ஊரில படிச்சிட்டு வந்தவ. செர்பியா எல்லைக்குக் கிட்ட, திஸா ஆத்துக்குப் பக்கத்தில இருக்கிற ஊர். இப்ப வெள்ளவத்தையில வீட்டு முன் ஹோல்லயே சனிக்கிழமைகளில கொஞ்சப் பேருக்கு ஹங்கேரியன் சொல்லிக்குடுக்கிறன். காசு வாங்கிற வகுப்பு இல்ல. தெரிஞ்ச ஆக்கள், தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள், அப்பிடி வாறவங்கதான். கொட்டாஞ்சேனையில இருந்து வாற ஒரு பெடியன், புறக்கோட்டையில ஹார்ட்வேர் கடையில நிக்கிறவன், ஃபெக்டரி வேலைக்குப் போக இருக்கிறான். தெஹிவளையில இருந்து ஒரு பிள்ளை, தெப்ரெட்ஸென்ல மருத்துவம் படிக்கப் போறா. அவங்களுக்குச் சொல்றதைத்தான் இங்கயும் எழுதுறன்.

முதல்ல உச்சரிப்பைச் சொல்லிடுறன். ஹங்கேரியன்ல எஸ்ஸும் இஸட்டும் சேர்ந்து வந்தா "ஸ்", தனி எஸ் வந்தா "ஷ்". அதாலதான் புடாபெஸ்ட் எண்டு நாங்க சொல்ற ஊரை அவங்க "புதொபெஷ்த்" எண்டு சொல்லுவாங்க. ரொஸ்ஸுல்ல இருக்கிற "ஸ்" இரட்டை, நீட்டி அழுத்திச் சொல்லவேணும். இங்கிலிஷ் மட்டும் தெரிஞ்ச ஆக்களுக்கு இந்த இரட்டிப்பு நாக்கில வரவே வராது, எங்களுக்கு அது பிரச்சினையே இல்ல, கனியும் கன்னியும் வேற எண்டு தெரிஞ்சு வளந்த ஆக்கள் நாங்கள். அவங்களுக்கும் அப்பிடித்தான், "ஹொல்" எண்டா மீன், "ஹொல்ல்" எண்டு நீட்டினா கேக்குது எண்டு அர்த்தம். அதால ரொஸ்ஸுலைச் சுருக்கிச் சொல்லாதீங்கோ. எழுதேக்கயும் எஸ், எஸ், இஸட் எண்டு மூண்டு எழுத்து. இதில ஒரு எஸ்ஸை விட்டுட்டு எழுதுற ஹங்கேரிக்காரர் கூட இருக்கினம், பள்ளிக்கூடத்தில ரீச்சர்மார் திருத்தித் திருத்திக் களைச்ச பிழை அது. வரி முடியிற இடத்தில சொல்லைப் பிரிச்சு எழுதவேண்டி வந்தா அந்த மூண்டு எழுத்து நாலா விரியும், எஸ் இஸட் ஒரு பக்கம், எஸ் இஸட் மற்றப் பக்கம். சுருக்கி எழுதினது திரும்பி முழுசா வந்து நிக்கும். எனக்கு அந்த விதி அவ்வளவு பிடிக்கும்.

இப்ப சொல்லுக்குள்ள போவம். "ரொஸ்" எண்டா கெட்ட, கூடாத, பிழையான. அதோட "உல்" சேர்த்தா ரொஸ்ஸுல். நாங்க பிழையோட "ஆ" சேர்த்துப் பிழையா எண்டு சொல்ற மாதிரியே. இதே "உல்"தான் மொழிப் பேர்களோடயும் வரும்: "மொட்யொருல்" எண்டா ஹங்கேரியன்ல, "தொமிலுல்" எண்டா தமிழ்ல. நல்லா எண்டதுக்கு "யோல்". ஆனா எல்லாச் சொல்லுக்கும் உல் வராது, கனக்கச் சொல்லுக்கு "ஒன்", "என்" எண்டுதான் வரும். அழகுக்கு "ஸேப்", அதில இருந்து "ஸேபென்". நீங்க கொஞ்சம் ஹங்கேரியன் கதைச்ச உடன அங்க இருக்கிற வயசான ஆக்கள் "ஸேபென் பெஸேல் மொட்யொருல்" எண்டு சொல்லுவாங்க. அப்பிடியே எங்கட "வடிவாக் கதைக்கிறா". இந்தியாவில இருந்து வந்த என்ர கூட்டாளிக்கு அதை விளங்கப்படுத்த நேரம் எடுத்தது, யாழ்ப்பாணத்துத் தமிழ் கேட்டு வளந்த எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படல்ல. வடிவுக்கும் நல்லதுக்கும் ஒரே சொல் வச்சிருக்கிற ஆக்கள் அங்கயும் இருக்கினம்.

சரி, பெடியன்ட விஷயத்துக்கு வாறன். போன மாசம் ஒருநாள் வகுப்பில நான் "உங்களுக்கு உடம்புக்கு ஏலாமப் போச்சு, சூப்பர்வைசரிட்ட சொல்லுங்கோ" எண்டு சொன்னன். அவன் யோசிச்சு, கொப்பியைப் பார்க்காம, "ரொஸ் வொட்யொக்" எண்டான். வொட்யொக் எண்டா இருக்கிறன். அவன் சொன்னது "நான் கூடாதவன்" எண்டு அர்த்தம். குழப்படி செய்த சின்னப் பிள்ளை அம்மாவிட்ட சொல்ற வசனம்.

"தம்பி, உல் எங்க?"

"அதை விட்டா விளங்காதா அக்கா?"

விளங்கும்தான், முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளுவாங்க. ஆனா போன்ல சொன்னா? உல் வந்தாத்தான் "எனக்கு ஏலாமக் கிடக்கு". உல் இல்லாட்டி உங்கட குணத்தைப் பற்றினது ஆயிடும். அவன் கொப்பியில ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதி, உல்லைச் சிவப்புப் பேனையால சுத்தி வட்டம் போட்டான். கடையில பில் எழுதிப் பழகின கை, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

"ரொஸ்ஸுல் வொட்யொக்" எண்டது எப்பிடிப்பட்ட ஏலாமை எண்டதையும் தெரிஞ்சு வச்சிருக்கவேணும். காய்ச்சல் வந்து மூண்டு நாள் படுக்கையில கிடக்கிறதுக்கு "பெதெக் வொட்யொக்" எண்டு சொல்லுவாங்க, அது வருத்தக்காரன் எண்டது. ரொஸ்ஸுல் வொட்யொக் எண்டா இப்ப, இந்த நிமிஷம், தலை சுத்துது, சத்தி வரப்போகுது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, என்னைக் கொஞ்சம் பிடியுங்கோ. கேக்கிறவங்க உடன கதிரை இழுத்துப் போடுவாங்க, தண்ணி கொண்டுவருவாங்க. அதால "எப்பிடி இருக்கிறீங்க" எண்டு ஒருத்தர் சும்மா கேக்கேக்க, மனசு சரியில்ல எண்டு சொல்ல நினைச்சு இதைச் சொல்லிப்போடாதீங்கோ, அந்த மனுஷன் பயந்துடுவார். அதுக்கு "நெம் தூல் யோல்" இருக்கு, அவ்வளவு நல்லா இல்ல எண்டது. இல்லாட்டி "மெக்வொட்யொக்" எண்டு சொல்லலாம், அது அச்சு அசலா எங்கட "ஏதோ இருக்கிறன்". அங்க இருந்த காலம் முழுக்க எனக்கு ஆறுதல் தந்த சொல் அது.

டொக்டரிட்ட போனா "மியோதொ வொன் ரொஸ்ஸுல்?" எண்டு கேப்பார், எப்பத்தில இருந்து ஏலாம இருக்கு எண்டது. மரியாதையாக் கதைக்கேக்க "நீ இருக்கிறாய்" எண்ட "வொட்ய்" வராது, "அவர் இருக்கிறார்" எண்ட "வொன்"தான் வரும், படர்க்கையில கதைக்கிற மாதிரி. முதல்முறை கேக்கேக்க வேற யாரையோ பற்றிக் கேக்கிறார் எண்டு நினைச்சுத் திரும்பிப் பார்க்காதீங்கோ, உங்களைத்தான். கூடிக்கொண்டே போகுது எண்டு சொல்ல "எட்ய்ரெ ரொஸ்ஸொப்புல்". ரொஸ்ஸொப்புல் எண்டா இன்னும் மோசமா, "லெக்ரொஸ்ஸொப்புல்" எண்டா எல்லாத்திலயும் மோசமா. தெப்ரெட்ஸென் போற பிள்ளைக்கு இதெல்லாம் ரெட்டிப்புத் தேவை. படிப்பு இங்கிலிஷ்லதான், ஆனா வார்ட்டில படுத்திருக்கிற ஆச்சி இங்கிலிஷ் கதைக்கமாட்டா.

உடம்பு மட்டும் எண்டு நினைச்சா அதோட முடியாது. "ரொஸ்ஸுலெஷெத்" எண்டு ஒண்டு இருக்கு. "எஷிக்" எண்டா விழுகுது, மழை பெய்யுறதுக்கும் அதே வினைதான். ரொஸ்ஸுலெஷெத் எண்டா மனசு நொந்துபோச்சு. நான் இருந்த வீட்டுக்கு முன் வீட்டில ஒரு நேனி இருந்தா, நேனி எண்டது வயசான பொம்பிளையளைக் கூப்பிடுற முறை, நாங்க ஆன்ட்டி எண்டு கூப்பிடுற மாதிரி. அங்க பிறந்தநாளைப் போலவே பேர்நாளும் பெரிய விஷயம், கலண்டர்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேரோ ரெண்டு பேரோ போட்டிருக்கும், உங்கட பேர் வாற நாளில சொந்தக்காரர் கூப்பிட்டு வாழ்த்துவாங்க, பூக் கொண்டுவருவாங்க. அந்த நேனிட பேர்நாளுக்கு மகன் கோல் எடுக்கல்ல. அடுத்த நாள் படியில என்னைக் கண்டு, மரக்கறிப் பையைக் கீழ வச்சிட்டு, "ரொஸ்ஸுலெஷெத்" எண்டு ஒரே ஒரு சொல்தான் சொன்னா. யார், ஏன் எண்டு ஒண்டும் சொல்லல்ல. எனக்கு விளங்கினது. நான் பையைத் தூக்கிக்கொண்டு அவவோட மேல போனன்.

ஸ்பெல்லிங்ல ஒரு விஷயம்: மனசு நோகிறதுக்குச் சேர்த்து ஒரே சொல்லா எழுதுவாங்க, கால் தடக்கி ஏடாகூடமா விழுந்ததுக்குப் பிரிச்சு எழுதுவாங்க. ஹங்கேரி அறிவியல் அகடெமி 2015ல எழுத்து விதிகளை 12ஆம் பதிப்பா வெளியிட்டது, அங்க எழுத்தை அவ்வளவு கவனமாப் பார்ப்பாங்க.

எங்கட தமிழ்லயே "வருத்தம்" எண்ட சொல்லைப் பாருங்கோ. இலங்கையில வருத்தம் எண்டா நோய், "பிள்ளைக்கு வருத்தம்" எண்டா டொக்டரிட்ட கொண்டு போகவேணும். அங்கால இராமேஸ்வரத்தில வருத்தம் எண்டா கவலை. ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் உடம்பிலயும் அந்தப் பக்கம் மனசிலயும் நிக்குது. ரொஸ்ஸுல் அதை ரெண்டு வினையை வச்சுச் செய்யுது, வொட்யொக் வந்தா உடம்பு, எஷிக் வந்தா மனசு. இதைத்தான் நான் வகுப்பில திரும்பத் திரும்பச் சொல்றன், ரொஸ்ஸுலுக்குத் தனியா அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்யாதீங்கோ, பக்கத்தில நிக்கிற வினையோட சேர்த்து ஒரு சோடியாப் படியுங்கோ. அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது வினைதான்.

அடுத்த சோடி வேலைக்குப் போறவங்களுக்கு ஆக முக்கியம். "ரொஸ்ஸுல் யார்த்." யார் எண்டதைப் பார்த்து ஆள் யார் எண்டு கேக்காதீங்கோ, அது அவங்கட மொழியில நடக்கிறது, போய்வாறது. ரொஸ்ஸுல் யார்த் எண்டா ஆள் நட்டப்பட்டுட்டார், மாட்டிட்டார், ஏமாந்துட்டார். வாடகைக்கு வீடு எடுத்து அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காதவர், சொன்ன சம்பளம் ஒண்டு கையில வந்த சம்பளம் வேறொண்டு எண்டு நிக்கிறவர், எல்லாருக்கும் இந்த வசனம்தான். பேப்பர்ல கையெழுத்துப் போட முந்தி "நெம் ஒகொரொக் ரொஸ்ஸுல் யார்னி" எண்டு சொல்லலாம், நான் நட்டப்பட விரும்பல்ல எண்டது. கோவமா இல்ல, நிதானமாச் சொல்ற வசனம், எதிர்ல இருக்கிறவர் பேப்பரைத் திரும்ப எடுத்து விளங்கப்படுத்துவார். சம்பளம் குறைஞ்ச வேலைக்கு "ரொஸ்ஸுல் ஃபிஸெதெத் முன்கொ" எண்டு சொல்லுவாங்க. இதைப் பற்றிக் கதைக்கேக்க ஒண்டைச் சொல்லாமப் போக மனமில்ல: ரொஸ்ஸுல் யார்றது கன பேருக்கு ஹங்கேரியில இல்ல, இங்க கொழும்பிலயேதான் நடக்குது, ஏஜென்ட்ட காசைக் கட்டிட்டுக் காத்துக்கொண்டு இருக்கேக்க. காசு குடுக்க முந்தி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா எண்டு பாருங்கோ. தயவுசெய்து பாருங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் நகையை அடகு வச்சுக் கட்டின காசு இண்டைக்கும் வரல்ல.

பேர் விஷயம். ஹங்கேரிக்காரர் குடும்பப் பேரை முன்னுக்குச் சொல்லி, சொந்தப் பேரைப் பின்னுக்குச் சொல்லுவாங்க. ஐரோப்பாவில அப்பிடிச் செய்யிறவங்க வலு குறைவு. நாங்களும் அப்பான்ட பேரை முன்னுக்குப் போட்டு எங்கட பேரைப் பின்னுக்கு எழுதுற ஆக்கள், அதால சுகமா இருக்கும் எண்டு நினைப்பம், ஆனா எங்கட பாஸ்போர்ட்டில அது எந்த வரியில எப்பிடி விழுந்திருக்கு எண்டதைப் பொறுத்துத்தான் எல்லாம். அங்க எந்த ஃபோர்மை எடுத்தாலும் "ஒன்யொ நெவெ" எண்டு ஒரு கோடு இருக்கும், அம்மான்ட பேர், அதுவும் அவ கலியாணத்துக்கு முந்தி வச்சிருந்த பேர். வங்கியில கேப்பாங்க, ஆஸ்பத்திரியில கேப்பாங்க, வாடகை ஒப்பந்தத்தில கேப்பாங்க. அம்மாட பேர் இவ்வளவு முக்கியமா இருக்கிற நாட்டை நான் வேற எங்கயும் காணல்ல, ஒவ்வொரு முறை எழுதேக்கயும் அம்மா பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு வந்த கார்டில அப்பாட பேரில நடுவில ஒரு எழுத்து விடுபட்டு, அம்மாட பேர் பாதியில நிண்டுட்டுது. நீளமான பேர், அவங்கட கம்பியூட்டர் பெட்டிக்குள்ள முழுசா விழல்ல. அந்த அலுவலகத்தில போய் நான் சொன்ன வசனம் இது: "ரொஸ்ஸுல் ஈர்தாக் பெ ஒ நெவெமெத்." என்ர பேரைப் பிழையா எழுதிப்போட்டாங்க. இதில "நீங்க" இல்ல எண்டதைக் கவனியுங்கோ. ஈர்தாக் எண்டது "அவங்க எழுதினாங்க", யார் எண்டு சுட்டாத அவங்க. நாங்களும் முன்னுக்கு இருக்கிற ஆளைக் குத்தாம "பிழையாப் போட்டிருக்கிறாங்க" எண்டுதான் சொல்லுவம், அந்தப் பிழையைச் செய்த ஆளே முன்னுக்கு இருந்தாலும். அந்த அலுவலகத்தில இருந்த பொம்பிளை கண்ணாடியை மேல தள்ளி, பாஸ்போர்ட்டை வாங்கி, விரலால ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டு ரைப் பண்ணினா. முடிய வாய்விட்டு வாசிச்சும் காட்டினா, அப்பாட பேர் முழுக்க ஹங்கேரியன் உச்சரிப்பில. புதுக் கார்ட் வந்துது, சரியா இருந்துது.

அந்த வசனத்தில இன்னொரு நுணுக்கம் இருக்கு, இது ஒரு ஆப்பும் சொல்லித்தராது. "உள்ள எழுதுறது" எண்டதுக்குச் சாதாரணமா "பெஈர்" எண்டு ஒரே சொல்லாத்தான் வரும், "பெ" முன்னுக்கு ஒட்டிக்கொண்டு நிக்கும். ரொஸ்ஸுல் வந்த உடன அந்த "பெ" எழும்பிப் பின்னுக்குப் போயிடும்: ரொஸ்ஸுல் ஈர்தாக் பெ. வினைக்கு முன்னால இருக்கிற அந்த இடம் ஹங்கேரியன்ல ஆக முக்கியமான இடம், வசனத்தின்ட அழுத்தம் விழுகிற இடம், அதை ரொஸ்ஸுல் வேற யாருக்கும் விடாது. யோல் அப்பிடிப் பிடிவாதம் பிடிக்காது. "யோல் மெக்தொனுல்தொம்" எண்டு சொல்லலாம், நல்லாப் படிச்சு முடிச்சிட்டன், "மெக்" அதின்ட இடத்திலேயே நிக்குது. ஆனா "ரொஸ்ஸுல் தொனுல்தொம் மெக்" எண்டுதான் வரவேணும், பிழையாப் படிச்சிட்டன், "மெக்" பின்னுக்குப் போகவேணும். ஒரு வேலை நல்லா நடந்தா வேலைதான் செய்தி, பிழையா நடந்தா பிழைதான் செய்தி, நான் அதை அப்பிடித்தான் விளங்கி வச்சிருக்கிறன். சொல்லேக்கயும் ரொஸ்ஸுல்ல அழுத்தி, வினையை மெதுவா விட்டிடுங்கோ. இதைச் சரியாச் செய்தா உங்கட மற்ற இலக்கணம் எப்பிடி இருந்தாலும் ஆக்கள் நிமிர்ந்து பார்ப்பாங்க.

தமிழையும் ஹங்கேரியனையும் இப்பிடிப் பக்கத்தில வச்சுப் பார்க்கிறது புதுசு இல்ல. பாலின்த் காபொர் எண்டு ஒரு அறிஞர் இருந்தார், 1844ல பிறந்தவர். 1877ல ஸேசேன்யி பேலா எண்ட பிரபு ஆசியாவுக்குக் கிளம்பின பயணத்தில சேர்ந்து வந்தார், ஷாங்காய்ல சுகமில்லாமப் போய்ப் பிரிஞ்சுட்டார், பேந்து தென்னிந்தியாவில தங்கித் தமிழ் படிச்சார். ரெண்டு மொழியும் சொந்தம் எண்டு நம்பி எழுதினார். இண்டைக்கு மொழியியல் ஆக்கள் அதை ஏற்கமாட்டாங்க, ஹங்கேரியன் யூராலிக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம், அவ்வளவுதான். ஆனா ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஒட்டி ஒட்டிச் சொல் கட்டுற அந்த அமைப்பைக் கண்டு அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷம் எனக்கு விளங்குது. "வீட்டில" எண்டதுக்கு "ஹாஸ்பொன்" எண்டு வாறதை முதல்ல கேட்ட அண்டைக்கு எனக்கும் அதே சந்தோஷம்தான்.

பிழை எண்டதுக்கு வேற சொல்லும் இருக்கு. "ஹிபாஷொன்", "தேவெஷென்", "ஹெய்தெலெனுல்" எல்லாம் கடுதாசியில, அறிவித்தலில வாற சொல்லுகள். வாய்ப்பேச்சில ரொஸ்ஸுல் போதும். "ரொஸ்ஸுல் துதொத்" எண்டா நீ பிழையாத் தெரிஞ்சு வச்சிருக்கிறாய், கூட்டாளிமாருக்குள்ள சொல்லலாம், பெரியாக்களுக்குச் சொல்லாதீங்கோ. "ரொஸ்ஸுல் ஆல்" எண்டா சட்டை ஆளுக்குப் பொருந்தல்ல எண்டும் வரும், நிலைமை சரியில்ல எண்டும் வரும். ஆனா ஒண்டைக் கவனமா வச்சிருங்கோ: தமிழ்ல "கூடாத கதை கதைக்கிறான்" எண்டு தூஷணம் கதைக்கிறவனைச் சொல்லுவம், அதை ரொஸ்ஸுல் போட்டுச் சொல்ல ஏலாது. "ரொஸ்ஸுல் பெஸேல்" எண்டா மொழி வடிவா வரல்ல எண்டு மட்டும்தான். தூஷணத்துக்கு "சூன்யான் பெஸேல்", அசிங்கமாக் கதைக்கிறான். புதுசாப் போறவங்க "ரொஸ்ஸுல் பெஸேலெக் மொட்யொருல்" எண்டு தயங்காமச் சொல்லலாம், எனக்கு ஹங்கேரியன் வடிவா வராது எண்டது, உல்லும் உல்லும் சேர்ந்து காதுக்கும் இதமா இருக்கும். சொன்ன உடன எதிர்ல இருக்கிறவர் மெதுவாக் கதைக்கத் தொடங்குவார்.

இப்ப நான் ஆக அக்கறையாச் சொல்ல வந்தது. "லெத்" எண்டா ஆயிட்டுது. "ரொஸ்ஸுல் லெத்" எண்டா ஆளுக்குத் திடீரெண்டு ஏலாமப் போச்சு, மயங்கி விழுந்ததும் அதுக்குள்ள வரும், நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததும் வரும். ஹங்கேரி நியூஸ்ல அடிக்கடி காணுவீங்க, "ரொஸ்ஸுல் லெத் ஒ வொலான்னால்", ஸ்டியரிங்கில இருக்கேக்கயே டிரைவருக்கு ஏலாமப் போச்சு எண்டு. இங்க ஆம்புலன்சுக்கு 1990 அடிப்பம். அங்க 112, நேர ஆம்புலன்சுக்கு 104. ராத்திரி ஹொஸ்டல்லயோ ஃபெக்டரி தங்குமிடத்திலயோ பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு ஏதும் நடந்தா, எடுத்த உடன சொல்லவேண்டியது இதுதான்: "ரொஸ்ஸுல் லெத் ஒ பொராதொம்." என்ர கூட்டாளிக்கு ஏலாமப் போச்சு. மூச்சு எடுக்க ஏலாம இருந்தா "நெம் கொப் லெவெகோத்" எண்டதையும் சேருங்கோ. பேந்து அட்ரஸ். தெருப் பேர், வீட்டு நம்பர், எத்தினையாம் மாடி. தங்கப்போற இடத்தின்ட அட்ரஸை முதல் நாளே ஹங்கேரியன்ல வாய்விட்டுச் சொல்லிப் பழகி வச்சிருங்கோ, நம்பர்கள் உட்பட.

வகுப்பில இதை லைட்டை நிப்பாட்டிட்டுச் செய்விக்கிறன், நித்திரையால எழும்பினவன் மாதிரிச் சொல்லவேணும் எண்டு. முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. பேந்து அந்தப் பெடியன் சிரிக்காமச் சொன்னான், உல்லும் சரி, இரட்டை ஸ்ஸும் சரி, அட்ரஸ் மட்டும் கொட்டாஞ்சேனை அட்ரஸ். அவனுக்கு அங்கத்தைய அட்ரஸ் இன்னும் வரல்ல, ஒப்பந்தத்தில தங்குமிடம் எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. அதைக் கேட்டு எழுத்தில வாங்கச் சொல்லியிருக்கிறன், தராம இழுத்தா திரும்பவும் கேக்கச் சொல்லியிருக்கிறன். அடுத்த சனிக்கிழமை "யோல்" எடுக்கிறம், அதுக்கும் இதே மாதிரிச் சோடிகள் இருக்கு. கொப்பியில ரொஸ்ஸுல் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தை வெறுமையா விட்டு வச்சுக்கொண்டு வாங்கோ.